குடியரசுத் தலைவர் தேர்தல்: கூடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு படிப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அரசியலமைப்புப் பாடம் வரும் வாரங்களில் பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும்தான் அதிகம் கேட்பார்கள். இங்கே பல வீடுகள் சிலோனிலிருந்து வந்த வீடுகள். அங்கே இருக்கும் சொந்தம் ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. இங்கே நமக்கு அப்படி ஒரு நாளே வருவதில்லை. அதனால் வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனாதிபதியும் குடியரசுத் தலைவரும் ஒருவர்தானா?

இந்தியாவில் ஒருவர்தான். பழைய பேச்சில் ஜனாதிபதி, பாடப்புத்தகத்தில் குடியரசுத் தலைவர். ஆனால் இலங்கையில் ஜனாதிபதி என்று சொல்வது வேறு வகைப் பதவி. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஹட்டனில் இருக்கும் என் தங்கச்சி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறாள். நான் ஏன் போடவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே ஓர் அம்மா கேட்டார்.

இலங்கையில் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்ததிலிருந்து ஜனாதிபதிதான் நாட்டை நடத்துகிறார். அமைச்சரவைக்கும் அவரே தலைவர். ஆளுகிறவரை ஆளப்படுகிறவர்கள் நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. முதல் நேரடித் தேர்தல் 1982 அக்டோபரில் நடந்தது.

இங்கே ஆளுவது பிரதமரும் அமைச்சரவையும். குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர் அல்ல. அரசியலமைப்பை எழுதிய காலத்திலேயே இது விவாதத்துக்கு வந்தது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கே.டி. ஷா அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அதை ஏற்கவில்லை. நாடு முழுக்க ஓட்டு வாங்கி வந்த ஒருவரை அதிகாரமில்லாமல் உட்காரச் சொன்னால் அவர் உட்காருவாரா? பிரதமரும் மக்களின் ஓட்டில் வந்தவர், இவரும் அப்படியே என்றால் இரண்டு பேருக்கும் இழுபறிதான். அந்த அச்சம் நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் அம்மாயி நினைவுக்கு வருவார். இலங்கையில் நுவரெலியாப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். 1948-இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள், ஓட்டும் போயிற்று. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக எழுதினார்கள். அம்மாயி கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து, நடுவயதில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். ஓட்டுச் சீட்டை நாலாக மடித்து, பெட்டிக்குள் விழுந்ததா என்று குனிந்து பார்த்ததாகச் சொல்வார். அதனால் "நமக்கு ஓட்டு இல்லையா" என்று இங்கே யாராவது கேட்டால் நான் சாதாரணமாகக் கடந்துபோவதில்லை.

அப்படியென்றால் என் ஓட்டுக்கு இதில் பங்கே இல்லையா?

இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசியலமைப்பின் 54-ஆவது பிரிவு சொல்லும் வாக்காளர் குழு இதுதான்: மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், எல்லா மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், கூடவே டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நியமன உறுப்பினர்களுக்கும் சில மாநிலங்களில் இருக்கும் மேலவை உறுப்பினர்களுக்கும் ஓட்டு கிடையாது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. மூன்று பேருக்கும் சேர்த்து 528. நீலகிரி எம்.பி.யின் ஓட்டு 2022 தேர்தலில் 700 மதிப்புப் பெற்றது. (அவர் தொகுதி மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் வரை இறங்குகிறது, அது வேறு கணக்கு.) ஆக, இந்த மலையின் குரல் டெல்லிக்குப் போகும்போது வெறும் நான்கு சீட்டுகளாகத்தான் போகிறது, ஆனால் அந்தச் சீட்டுகளின் எடை 1,228.

அதனால் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "குடியரசுத் தலைவர் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள், எதைப் பார்த்துப் போடுவீர்கள்" என்றும் கேளுங்கள். ரோடு, தண்ணீர், யானை அகழி எல்லாம் கேட்கிறோம். இதையும் கேட்கலாம். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பத்தேரி எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 152, நமக்கு 176, குண்டல்பேட்டைக்கு 131. பக்கத்துப் பக்கத்து ஊருக்கு ஏன் இந்த வித்தியாசம்?

பத்தேரி கேரளம், குண்டல்பேட்டை கர்நாடகம். மூன்று மாநிலம் சந்திக்கும் ஊரில் இருப்பதால் நமக்கு மட்டும் தோன்றும் நல்ல கேள்வி.

மாநிலத்தின் மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்களின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்ததை மறுபடி 1,000-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168 பேர், 234 இடங்கள். வகுத்தால் 1,76,064 சொச்சம். ஆயிரத்தால் வகுத்தால் 176. மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், நமக்கு 64 தான் மீதி, அதனால் 176-லேயே நிற்கிறது. கேரளத்தில் 140 இடங்கள், மதிப்பு 152. கர்நாடகத்தில் 224 இடங்கள், மதிப்பு 131. அதிக மதிப்பு உத்தரப் பிரதேசத்துக்கு, 208. குறைந்தது சிக்கிம், 7.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், தமிழ்நாட்டில் நாலு கோடிப் பேர்தானா?" என்றாள். சரியாகப் பிடித்தாள். இது 1971 கணக்கெடுப்பு. இன்றைக்கும் அதே எண்ணைத்தான் எடுக்கிறார்கள். 1976-இல் 42-ஆவது திருத்தம் அதை நிறுத்தி வைத்தது. 2001-இல் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளிவரும்வரை என்று நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனாலேயே எடை குறைந்து போகக் கூடாது என்பதுதான் காரணம். புதிய கணக்கெடுப்பு நடைமுறைக்கு வரும்போது நம்முடைய 176-உம் பத்தேரியின் 152-உம் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் என்ன ஆகும் என்று இப்போதே யோசிக்க வேண்டும். தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓட்டு மதிப்பைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

எம்.பி. ஓட்டுக்கு 700 எப்படி வந்தது?

நாடு முழுக்க உள்ள எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்பைக் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 2022-இல் 5,43,231-ஐ 776-ஆல் வகுத்தார்கள். எல்லா மாநிலமும் ஒரு தட்டு, நாடாளுமன்றம் ஒரு தட்டு, இரண்டும் ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும் என்பது இதன் நோக்கம். அதற்கு முந்தைய தேர்தலில் இது 708. 2022-இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் குறைந்தது.

1, 2, 3 என்று எழுதுவார்களாமே, அதை எப்படி எண்ணுகிறார்கள்?

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்தினேன். ஞாயிறு வகுப்பை எத்தனை மணிக்கு வைப்பது? காலை 7, காலை 10, மாலை 4 என்று மூன்று வேட்பாளர்கள். ஓட்டுப் போட்டவர்கள் 15 பேர். காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்துச் சீட்டாக்கி, பிடித்த வரிசையில் 1, 2, 3 போடச் சொன்னேன்.

ஜெயிக்க எத்தனை வேண்டும்? செல்லுபடியான ஓட்டைப் பாதியாக்கி ஒன்று கூட்டி, பின்னத்தை விட்டுவிட வேண்டும். 15-க்கு அது 8. பிரித்தால் மாலை 4-க்கு 6, காலை 10-க்கு 5, காலை 7-க்கு 4. நம் எம்.எல்.ஏ. தேர்தலாக இருந்தால் மாலை 4 ஜெயித்துவிட்டது. இங்கே யாரும் 8-ஐத் தொடவில்லை. கடைசியில் இருக்கும் காலை 7-ஐ விலக்கி, அந்த 4 சீட்டுகளில் 2 என்று எதற்குப் போட்டிருக்கிறார்கள் எனப் பார்த்தோம். மூன்று சீட்டு காலை 10-க்கு, ஒன்று மாலை 4-க்கு. இப்போது காலை 10-க்கு 8, மாலை 4-க்கு 7. பத்து மணி ஜெயித்தது. விடியற்காலையில் வர நினைத்த பிள்ளைகள் தோற்றாலும் அவர்களின் இரண்டாவது விருப்பம் வீணாகவில்லை. அன்றிலிருந்து இந்தப் பாடத்தை யாரும் மறந்து நான் பார்க்கவில்லை.

நிஜத்தில் ஒரே ஒரு முறைதான் இரண்டாம் விருப்பம் வரை எண்ணினார்கள். 1969. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆனால் இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு முதல் சுற்றில் 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. தேவைப்பட்டது 4,18,169. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக விலக்கி எண்ணியபோது கிரி 4,20,077-இலும் ரெட்டி 4,05,427-இலும் நின்றார்கள். கிரி தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் அதை நான் தவறாமல் சொல்வேன்.

இலங்கையிலும் வாக்காளர் மூன்று விருப்பம்வரை குறிக்கலாம். அங்கே முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரேயடியாக விலக்கிவிடுவார்கள். அங்கே அது முதன்முதலாக நடந்தது 2024 செப்டம்பரில். அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் 42.31 சதவீதம்தான் எடுத்திருந்தார், சஜித் பிரேமதாசவுடன் இரண்டாம் எண்ணிக்கைக்குப் போய்த்தான் ஜெயித்தார். அதனால் உங்கள் தங்கச்சிக்கு இந்த முறை நன்றாகவே தெரிந்திருக்கும், அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

மெஷினில் ஓட்டுப் போடுவார்களா? நோட்டா உண்டா? கட்சி சொன்னபடிதான் போட வேண்டுமா?

மெஷின் இல்லை, விருப்ப வரிசை எழுத வேண்டும் என்பதால் காகிதச் சீட்டுதான். எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. தேர்தல் ஆணையம் கொடுக்கும் ஊதா மை பேனாவால்தான் குறிக்க வேண்டும். எண்ணாக எழுத வேண்டும், "ஒன்று" என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. இந்திய மொழிகளின் எண் வடிவத்துக்கு இடம் உண்டு, எனவே ௧, ௨ என்று தமிழ் எண்ணிலும் குறிக்கலாம்! முதல் விருப்பம் கட்டாயம், மற்றவை அவரவர் இஷ்டம். நோட்டா கிடையாது. கொறடா உத்தரவும் கிடையாது, கட்சி மாற்றிப் போட்டாலும் அதற்காகப் பதவி போகாது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் சென்னை தலைமைச் செயலகத்தில் ஓட்டுப் போடுவார்கள்.

ஒரு தோட்டத் தொழிலாளி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க முடியுமா?

சட்டப்படி முடியும். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது முடிந்திருக்க வேண்டும், மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி வேண்டும், அரசின் கீழோ அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்பின் கீழோ ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. பிறப்பால் இந்தியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் குடியுரிமை பெற்று வந்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இதைக் கேட்டதும் ஒரு தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடைமுறையில் தடையாக நிற்பது கையெழுத்து. வாக்காளர் குழுவிலிருந்து 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். டெபாசிட் 15,000 ரூபாய். 1997-க்கு முன் பத்துப் பத்துப் பேரும் 2,500 ரூபாயும் போதும். விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்களைத் தடுக்கத்தான் கூட்டினார்கள், ஆனால் கட்சி பலம் இல்லாத நல்ல மனிதரும் இதில் அடிபடுகிறார் என்பது என் வருத்தம்.

மலைகளிலும் காடுகளிலும் வாழும் பழங்குடிகளிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் இனத்தவரான திரௌபதி முர்மு 2022-இல் 6,76,803 மதிப்புள்ள ஓட்டுகளோடு யஷ்வந்த் சின்ஹாவை வென்றார். 2023 ஆகஸ்டில் நம் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வந்து, பாகன்களையும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளையும் சந்தித்தார்.

அதிகாரமே இல்லையென்றால் ரப்பர் ஸ்டாம்பா?

இந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பது உண்மை (74-ஆவது பிரிவு). ஆனால் 1978-இன் 44-ஆவது திருத்தம் ஒரு வழி வைத்தது: "மறுபடி யோசியுங்கள்" என்று ஒரு முறை திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தால் ஏற்க வேண்டும்.

மசோதாவையும் ஒரு முறை திருப்பி அனுப்ப முதலிலிருந்தே இடம் உண்டு. அந்த ஒரு முறைக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லிக் கோப்பு வந்தபோது கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், மத்திய அரசு அதைக் கைவிட்டது. 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை நம் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேறி வந்தபின் கையெழுத்திட்டார். 1986-இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் தபால் மசோதாவுக்கு ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே வைத்துவிட்டார். அந்த மசோதா சட்டமாகவே இல்லை.

மறுபக்கமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். 1991-இல் தமிழ்நாடு அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் பர்னாலா அறிக்கை தரவில்லை. 356-ஆவது பிரிவில் "அல்லது வேறு வகையில்" என்று ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்துக் கலைத்தார்கள். கையெழுத்திட்டவர் தஞ்சைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன். தமிழர் ஒருவர் அங்கே இருந்தால் தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்பு என்று சிலர் சொல்லும்போது இதை நினைவுபடுத்துவேன். ஆள் எந்த ஊர் என்பதைவிட, அந்த ஒரு முறை திருப்பி அனுப்பும் துணிவு அவருக்கு உண்டா என்பதே முக்கியம்.

எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க குடியரசுத் தலைவர் உத்தரவு போடலாமா?

படுகர் ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் கேட்பது. 342-ஆவது பிரிவின்படி எந்த மாநிலத்தில் யார் பழங்குடியினர் என்று முதலில் அறிவிப்பவர் குடியரசுத் தலைவர்தான், 1950-இல் அப்படித்தான் பட்டியல் வந்தது. ஆனால் ஒரு முறை அறிவித்த பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், குடியரசுத் தலைவரால் தனியாக முடியாது. தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சேர்ந்தது 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால்தான். அதனால் மனுவைக் குடியரசுத் தலைவருக்கு மட்டும் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். மாநில அரசின் பரிந்துரையும் எம்.பி.யின் குரலும் வேண்டும்.

பதவியில் இருக்கும்போதே இறந்தால், விலகினால்?

துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்பார், ஆறு மாதத்துக்குள் தேர்தல். 1969-இல் ஜாகிர் உசேனும் 1977-இல் பக்ருதீன் அலி அகமதுவும் பதவியில் இறந்தார்கள். வருகிறவருக்கு மீதிக் காலம் அல்ல, முழு ஐந்து ஆண்டு. இலங்கையில் மீதிக் காலத்துக்கு மட்டும், அதுவும் நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும். 2022 ஜூலையில் கோட்டாபய விலகியதும் 20-ஆம் தேதி ரணில் 134 ஓட்டில் தேர்வானார். மறுநாள் 21-ஆம் தேதி இங்கே முர்முவின் ஓட்டு எண்ணிக்கை. அந்த வாரம் இரண்டு நாட்டுச் செய்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் இங்கே நிறைய.

அரசியலமைப்பை மீறினால் பதவி நீக்கமும் உண்டு. ஒரு அவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து, 14 நாள் நோட்டீஸ், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை.

ஊட்டியில் குடியரசுத் தலைவர் மாளிகை இருக்கிறதே?

அது ஆளுநருடையது, 2025 வரை ராஜ்பவன் என்றார்கள். குடியரசுத் தலைவர் வந்தால் அங்கே தங்குவார், அவ்வளவுதான். அவருக்கென்று உள்ள ஓய்வில்லங்கள் ஹைதராபாத்திலும் டேராடூனிலும் சிம்லா பக்கம் மஷோப்ராவிலும் இருக்கின்றன.

குடியரசுத் தலைவருக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேருமா? தமிழில் எழுதலாமா?

சேரும், தமிழிலேயே எழுதலாம். முகவரி: குடியரசுத் தலைவர், ராஷ்டிரபதி பவன், புது டெல்லி 110004. ஆனால் அவர் பட்டா கொடுக்கவோ மின் இணைப்பு கொடுக்கவோ முடியாது. செக்‌ஷன் 17 நிலத்தைப் (கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலம்) பற்றி எழுதினால் அது மாநில அரசுக்கு அனுப்பப்பட்டு, சுற்றி நம் வருவாய்த் துறைக்கே திரும்பும். அதனால் ஒரு பிரதியை ஊட்டியில் திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடமும் கொடுங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள், முன்பு கொடுத்த மனுக்களின் தேதி, இந்த நாலும் முதல் பக்கத்திலேயே வரட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் படிப்பகத்துக்கு வாருங்கள், பிள்ளைகளே எழுதித் தருவார்கள்.